பனியன் கம்பெனிக் கணக்கும் எரர் காட்டாத ஃபார்முலாக்களும்

எக்செல் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் டேட்டா எப்போதும் குளித்து, பவுடர் பூசி, தலை வாரி உட்கார்ந்திருக்கும். பத்துப் பெயர், பத்து மார்க், விலுக்கப் (பட்டியலில் தேடி எடுக்கும் ஃபங்ஷன்) போட்டதும் டக்கென்று விடை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. ஃபார்முலா எழுதுவது வேலையில் கால்வாசிதான். அதற்குள் போகிற சரக்கு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்தான் மீதிப் பொழுது போகும்.

எரர் காட்டுகிற ஃபார்முலாவைப் பார்த்து நான் பயப்படுவதில்லை. எங்கோ இடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. எந்த எரரும் காட்டாமல், தப்பான தொகையை அழகாகக் கமா போட்டுக் காட்டுகிற ஃபார்முலாதான் ஆளைக் கவிழ்க்கும். முதலாளியிடம் போகும், ஆடிட்டரிடம் போகும், பேங்குக்கும் போகும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இங்கே எழுதப்போவது பெரும்பாலும் அந்த வகையைப் பற்றித்தான். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே சனிக்கிழமைதான் சம்பள நாள். நிட்டிங் மெஷின் ஓட்டுபவர்களுக்கு 12 மணி நேர ஷிப்ட். இரவு 8 மணிக்கு ஏறினால் காலை 8 மணிக்கு இறங்குவார்கள். வந்த நேரம் ஏ நெடுவரிசையில், போன நேரம் பி-யில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் பி-யிலிருந்து ஏ-வைக் கழித்தான். கட்டம் முழுக்க ##### என்று நின்றது. காலை 8-இலிருந்து இரவு 8-ஐக் கழித்தால் மைனஸ்தானே வரும். மைனஸ் நேரத்தை எக்செல்லால் காட்ட முடியாது. அதற்கு =மாட்(பி2-ஏ2,1) போதும்; மாட் என்பது வகுத்தபின் வரும் மீதியைத் தரும் ஃபங்ஷன். நள்ளிரவைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் சரியான இடைவெளி வந்துவிடும்.

அப்புறம் அவன் வாரத்துக்கு மொத்தம் போட்டான்.

“அக்கா, ஆறு நாளும் நைட் பார்த்தவருக்கு மொத்தம் பூஜ்யம்னு வருதுங்க்கா.”

“அஞ்சு நாள் பார்த்தவருக்கு?”

“பன்னெண்டு மணி. அது சரியாத்தான் இருக்கு.”

அது சரியாக இல்லை என்பதுதான் விஷயம். எக்செல்லுக்கு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரு நாள் என்றால் 1. நண்பகல் 12 மணி 0.5, காலை 6 மணி 0.25. தேதியும் அப்படித்தான், 1900 ஜனவரி 1 தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண். (அந்த வரிசையில் 1900 பிப்ரவரி 29 என்று இல்லாத ஒரு நாளும் இருக்கிறது. லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாகக் கணக்கிட்டது. அதோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அதே தப்பை எடுத்துக்கொண்டது. இன்றுவரை மாற்றவில்லை.) ஆறு இரவு, இரவுக்கு 12 மணி, மொத்தம் 72 மணி. அதாவது சரியாக 3 நாள். சாதாரண நேர வடிவம் முழு நாட்களைத் தூக்கிப்போட்டுவிட்டு மீதியை மட்டும் காட்டும். 3 நாளில் மீதி இல்லை, அதனால் 0:00. ஐந்து இரவு என்றால் 60 மணி, இரண்டரை நாள். இரண்டைத் தூக்கிப்போட்டால் மீதி அரை நாள், 12:00. பூஜ்யத்தை அவன் பிடித்துவிட்டான். பன்னிரண்டைப் பிடிக்கவில்லை, பார்வைக்கு அது நியாயமான எண்ணாக இருந்ததால்.

கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் தீர்ந்தது: மணியைக் குறிக்கும் எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 60:00 என்றே காட்டும். ஆனால் சம்பளம் கணக்கிடும்போது வடிவம் உதவாது. கட்டத்துக்குள் இருப்பது 2.5 தானே. மணிக்கு 70 ரூபாய் என்று நேரடியாகப் பெருக்கினால் 175 ரூபாய் வரும். 24-ஆல் பெருக்கி மணியாக்கிவிட்டுத்தான் கூலியால் பெருக்க வேண்டும். 4,200 ரூபாய் அப்போதுதான் வரும்.

நம்மூர் வழக்கத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. எட்டரை மணியை 8.30 என்று புள்ளி வைத்து எழுதுவோம். வருகைப் பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கும், டைப் செய்பவரும் அப்படியே அடிப்பார். எக்செல்லுக்கு அது நேரமே இல்லை, 8.3 என்ற வெறும் எண். 17.45-இலிருந்து 8.30-ஐக் கழித்து 9.15 என்று விடை வந்தால் பார்ப்பவர் ஒன்பதேகால் மணி என்று நம்பிவிடுவார். இந்த உதாரணத்தில் உண்மையாகவே ஒன்பதேகால்தான், அதனாலேயே ஆபத்து. 17.15-இலிருந்து 8.30 போனால் 8.85 வரும், எண்பத்தைந்து நிமிடம் என்று ஒன்று இருக்கிறதா என்ன? நூற்றுக்கணக்கான வரிசைகளைத் திருப்பி அடிக்கச் சொல்ல முடியாது என்பதால் பக்கத்து நெடுவரிசையில் =டைம்(இன்ட்(ஏ2),ரவுண்ட்(மாட்(ஏ2,1)*100,0),0) என்று போட்டு நேரமாக மாற்றிக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் ரவுண்டை எடுத்துவிடாதீர்கள். தசமப் பகுதியை நூறால் பெருக்கும்போது சில சமயம் 29-க்குப் பதில் 28.9999 என்று உள்ளே நிற்கும். டைம் ஃபங்ஷன் தசமத்தை வெட்டிவிடும், ஒரு நிமிடம் காணாமல் போகும்.

அந்த 28.9999 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது, 0.1 போன்ற சாதாரணத் தசமங்கள் அதில் துல்லியமாக அடங்காது. நம்பிக்கை இல்லையென்றால் காலிக் கட்டத்தில் =1*(0.5-0.4-0.1) என்று அடித்துப் பாருங்கள். பூஜ்யம் வராது. பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே, தசமப் புள்ளிக்குப் பின் பதினாறு பூஜ்யம் தள்ளி ஒரு எண் வரும். பணக் கணக்கில் இரண்டு தொகை சமமா என்று = போட்டுப் பார்ப்பதை அதனால்தான் நான் விட்டுவிட்டேன். இரண்டையும் ரவுண்டுக்குள் போடுவேன், இல்லாவிட்டால் வித்தியாசத்தை ஆப்ஸ் (மைனஸ் குறியை நீக்கும் ஃபங்ஷன்) மூலம் எடுத்து ஒரு ரூபாய்க்குள் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) கணக்கில் இந்த ரவுண்டு விவகாரம் சட்டமாகவே வந்து நிற்கும். பிஎஃப் பங்கை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்க வேண்டும். இஎஸ்ஐ-யில் தொழிலாளி பங்கு எப்போதும் அடுத்த ரூபாய்க்கு மேலே ஏறும். ஒருவருக்குச் சம்பளம் 12,430 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐ 0.75 சதவீதம் 93.225 ரூபாய், ரவுண்ட் போட்டால் 93, ஆனால் கட்ட வேண்டியது 94. ஆகவே அங்கே ரவுண்ட்அப். அதிலும் நான் =ரவுண்ட்அப்(ரவுண்ட்(சி2*0.75%,4),0) என்று உள்ளே ஒரு ரவுண்ட் வைப்பேன். கணக்கு சரியாக 93-இல் முடிய வேண்டிய இடத்தில் ஒரு துளி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தால் ரவுண்ட்அப் அதை நம்பி 94 ஆக்கிவிடக் கூடாது. முழு ரூபாய்ச் சம்பளத்தை 0.75 சதவீதத்தால் பெருக்கினால் நான்கு தசமத்துக்கு மேல் வராது என்பதால் அந்த 4.

முதலாளி தரப்பு பிஎஃப் இன்னும் சுவாரசியம். மொத்தம் 12 சதவீதம், அதில் 8.33 பென்ஷனுக்கு, மீதி 3.67 பிஎஃப் கணக்குக்கு. இணையத்தில் கிடைக்கும் பல ரெடிமேட் ஷீட்டுகள் மூன்றையும் தனித்தனியாகப் பெருக்கும். அதே 12,430-க்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீதம் 1,491.60, அதாவது 1,492. பென்ஷன் 1,035.42, அதாவது 1,035. 3.67 சதவீதம் 456.18, அதாவது 456. 1,035-ஐயும் 456-ஐயும் கூட்டினால் 1,491. ஒரு ரூபாய் எங்கே போனது? எங்கும் போகவில்லை, மூன்று முறை தனித்தனியாக முழுமையாக்கியதில் கரைந்துவிட்டது. மொத்தத்தையும் பென்ஷனையும் மட்டும் கணக்கிட்டு, மூன்றாவதைக் கழித்து எடுக்க வேண்டும்: 1,492 கழித்தல் 1,035, ஆக 457. ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய்தானே என்று தோன்றும். சலான் தொகையும் ஷீட்டின் மொத்தமும் ஒட்டாமல் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து தேடியவர்களைக் கேளுங்கள்.

தசமத்தை மறைக்கும் பட்டனை அழுத்துவது முழுமையாக்கல் ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கண்ணுக்கு மட்டும். கட்டத்தில் 1,492 தெரிந்தாலும் கூட்டலில் 1,491.60 தான் போகும். பிரின்ட் எடுத்துக் கால்குலேட்டரில் கூட்டுகிறவர் “உங்க கம்ப்யூட்டருக்குக் கூட்டத் தெரியலையே” என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

சதவீதங்களையும் உச்சவரம்புகளையும் ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதுவது பரவலான பழக்கம். மேலே உதாரணத்துக்காக நானும் எழுதினேன், ஆனால் வேலை செய்யும் ஷீட்டில் எழுதுவதில்லை. பிஎஃப் உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 6,500-இலிருந்து 15,000 ஆனது. இஎஸ்ஐ வரம்பு 2017 ஜனவரியில் 15,000-இலிருந்து 21,000 ஆனது. 2019 ஜூலையில் இஎஸ்ஐ தொழிலாளி பங்கு 1.75-இலிருந்து 0.75 ஆனது, முதலாளி பங்கு 4.75-இலிருந்து 3.25 ஆனது. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஷீட்டாகப் போய்ப் பழைய எண்ணைத் தேடி மாற்றினால் ஏதாவது ஒரு கட்டம் விட்டுப்போகும். மாற்றி முடித்தபிறகு பழைய மாத அரியர் போட வேண்டி வந்தால் அதைவிடத் தொல்லை.

“ரேட்” என்று ஒரு தனி ஷீட் வைத்து, முதல் நெடுவரிசையில் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்பதையும், அடுத்தவற்றில் வரம்பு, சதவீதம் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் =விலுக்கப்(சம்பளத் தேதி, ரேட்!$ஏ$2:$எஃப்$30, 3, ட்ரூ) என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் ட்ரூ போட்டிருக்கிறேன், கவனியுங்கள். எல்லாரும் “விலுக்கப் கடைசியில் எப்போதும் பூஜ்யம் போடு, இல்லாவிட்டால் ஃபால்ஸ் போடு” என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். பெயர், பில் நம்பர், டோக்கன் நம்பர் தேடும்போது அது சரிதான். அந்த நான்காவது இடத்தைக் காலியாக விட்டால் எக்செல் அதை ட்ரூ என்று எடுத்துக்கொண்டு, இல்லாத நம்பருக்குப் பக்கத்தில் இருக்கும் எவரோ ஒருவரின் சம்பளத்தை எடுத்துக் கொடுத்துவிடும். எரரும் காட்டாது. ஆனால் தேதிவாரியாக மாறும் ரேட்டுக்கு ட்ரூதான் வேண்டும்: கொடுத்த தேதிக்குச் சமமான அல்லது அதற்கு முன்னால் கடைசியாக வந்த வரிசையை அது பிடிக்கும். தேதிகள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை. வருமான வரி ஸ்லாப், தறி கூலி ஸ்லாப் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்; இஃப்புக்குள் இஃப் என்று ஏழு அடுக்கு கட்ட வேண்டியதில்லை.

இனி மாதத்தின் 14-ஆம் தேதிக்கு வருகிறேன். ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் நம் பெயரில் தாக்கல் செய்த பில்களின் பட்டியல், அன்றுதான் ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும். 20-ஆம் தேதிக்குள் 3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் செய்ய வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் தாக்கல் செய்து நம் 2பி-யில் தெரிகிற பில்லுக்குத்தான் ஐடிசி (வாங்கியபோது கட்டிய வரிக்கான கழிவு) எடுக்க முடியும். ஆக அந்த நடுவில் கிடைக்கும் சில நாட்களில், நம் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு பில்லும் 2பி-யில் இருக்கிறதா, தொகை ஒத்துப்போகிறதா, அங்கே இருந்து நம்மிடம் இல்லாதது என்ன என்று பார்த்து முடிக்க வேண்டும். நூல், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, பட்டன், லேபிள், பாலி பேக், அட்டைப்பெட்டி என்று ஒரு சின்ன யூனிட்டுக்கே பில்கள் குவியும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது பில் நம்பரை வைத்து ஒரு விலுக்கப். பாதிக்கு #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை) என்று வரும். உட்கார்ந்து யோசித்தால் காரணங்கள் வரிசையாக வெளியே வரும்.

முதல் காரணம், 45 என்ற பில் நம்பர் பத்து சப்ளையரிடம் இருக்கும். ஆகவே நம்பரை மட்டும் வைத்துத் தேடவே கூடாது. சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான ஜிஎஸ்டிஐஎன்னோடு சேர்த்து ஒரு சாவி செய்துகொள்ள வேண்டும்: =ஏ2&"|"&டி2. அந்தச் சாவிக்கு முன்னால் ஜிஎஸ்டிஐஎன் சுத்தமா என்று பார்க்க வேண்டும். அது 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29), அடுத்த பத்து பான் நம்பர். =லென்(ஏ2) போட்டு 15 வராத வரிசைகளை முதலில் வடிகட்டிவிடுங்கள்.

ஒருமுறை கண்ணுக்குப் பதினைந்து எழுத்துதான் தெரிகிறது, லென் 16 என்கிறது. இடைவெளி நீக்கும் டிரிம் போட்டும் 16. இந்த மாதிரி நேரத்தில் கடைசி எழுத்தை எடுத்து அதன் குறியீட்டைக் கேட்டுவிடுவது நல்லது: =கோட்(ரைட்(ஏ2,1)). விடை 160. சாதாரண இடைவெளி என்றால் 32 வந்திருக்கும். 160 என்பது இணையப் பக்கங்களில் வார்த்தைகள் பிரியாமல் இருக்கப் போடும் இடைவெளி. மெயிலிலிருந்தோ இணையத்திலிருந்தோ காப்பி செய்து ஒட்டும்போது கூடவே வந்துவிடும். டிரிம் 32-ஐ மட்டும்தான் நீக்கும். =டிரிம்(சப்ஸ்டிடியூட்(ஏ2,கேர்(160),"")) என்று போட்டதும் 15 ஆனது. அதிலிருந்து வெளியே இருந்து வரும் எந்தப் பட்டியலையும் இந்த வடிகட்டி வழியாகத்தான் உள்ளே விடுகிறோம்.

இரண்டாவது காரணம் பில் நம்பரேதான். ஜிஎஸ்டி விதிப்படி அது 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், கோடு, சாய்கோடு எல்லாம் வரலாம். சப்ளையர் 0087/24-25 என்று தாக்கல் செய்திருப்பார், நம் பையன் 87 என்று டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றியிருப்பான். எழுத்தைப் பெரிதாக்கி, கோடு, சாய்கோடு, இடைவெளி எல்லாவற்றையும் சப்ஸ்டிடியூட்டால் உருவிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை நீக்க, எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ போடலாம் என்று தோன்றும், கவனம். 12ஈ3 என்று ஒரு பில் நம்பர் வந்தால் வேல்யூ அதை 12,000 என்று படிக்கும், நடுவில் ஆங்கில ஈ எழுத்து இருப்பதால் அடுக்குக்குறி என்று நினைத்துக்கொள்ளும். கோட்டை உருவுவதற்கு முன்பே வேல்யூ போட்டால் 5-4 என்பது ஏப்ரல் 5 ஆகிவிடும்.

அந்தத் தேதி வியாதி டைப் செய்யும்போதே தொற்றிக்கொள்வதுதான் பெரிய தலைவலி. 3/25 என்று பில் நம்பர் அடித்து என்டர் தட்டினால் கட்டத்தில் மார்ச்-25 என்று நிற்கும். உள்ளே இருப்பது தேதி எண். பிறகு டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றினால் 45717 என்று வருமே தவிர 3/25 திரும்பி வராது. நமக்கு மட்டும் வந்த வினை இல்லை இது. மரபணு ஆராய்ச்சிக்காரர்களின் பட்டியல்களில் மார்ச்1, செப்ட்1 என்று தொடங்கும் மரபணுப் பெயர்கள் தேதியாக மாறி மாறிக் கடைசியில் 2020-இல் பெயர்சூட்டும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க எக்செல்லில் ஒரு வசதி கொடுத்தது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள், டைப் செய்யும் முன்னாலேயே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். பின்னால் செய்து பயனில்லை.

மூன்றாவது காரணம்தான் எரர் காட்டாதது. ஒரே பில்லில் இரண்டு வரி விகிதத்தில் சரக்கு இருந்தால் ரெஜிஸ்டரில் இரண்டு வரிசையாக வரும். விலுக்கப் முதலில் கண்ணில் பட்ட வரிசையை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அதன் புது வடிவமான எக்ஸ்லுக்கப்பும் அப்படித்தான். தொகை வேறுபடும், நீங்கள் சப்ளையருக்குப் போன் போட்டு “ஏனுங்க, பில்லுல ஒண்ணு, போர்ட்டல்ல ஒண்ணா போட்டிருக்கீங்க” என்பீர்கள், அவர் பில்லை எடுத்துப் படித்துக் காட்டுவார். பெயர், தேதி மாதிரி விவரம் எடுக்க லுக்கப். தொகை எடுக்க எப்போதும் சம்இஃப்ஸ். அது சாவி பொருந்தும் எல்லா வரிசையையும் கூட்டிவிடும்.

சம்இஃப்ஸுக்கும் ஒரு குணம் உண்டு. கிடைக்காவிட்டால் எரர் காட்டாது, 0 என்று சொல்லும். பில்லே இல்லையா, இருந்து வரி பூஜ்யமா என்று தெரியாது. பக்கத்திலேயே எத்தனை வரிசை என்று எண்ணும் ஒரு கவுண்ட்இஃப்ஸ் நெடுவரிசை வைத்தால் குழப்பம் இல்லை: 0 என்றால் அங்கே பில் இல்லை, 1 என்றால் நல்லது, அதற்கு மேல் என்றால் பல விகிதமா, ஒரே பில் இரண்டு முறை ஏறியதா என்று பார்க்க வேண்டும். கிரெடிட் நோட்டுகள் தனி ஷீட்டில் வரும்; மைனஸ் ஆக்கிச் சேர்த்துக்கொள்ள மறக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டாதவை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ராட்சச ஃபார்முலாவில் பிடிக்கப் பார்ப்பது வீண் என்பது என் கட்சி. முதல் சுற்றில் சாவி ஒத்துப்போனவற்றை ஒதுக்குங்கள். மீதிக்கு இரண்டாவது சாவி: ஜிஎஸ்டிஐஎன்னோடு ரவுண்ட் செய்த வரித் தொகை. 87-ம் 0087/24-25-ம் இதில் மாட்டும். மூன்றாவது சுற்றில் =மிட்(ஏ2,3,10) போட்டுப் பான் நம்பரை உருவி, அதோடு பில் நம்பரைச் சேர்த்துத் தேடுங்கள்; பெங்களூர் கிளையிலிருந்து போட்ட பில்லை நம்மவர்கள் அதே கம்பெனியின் தமிழ்நாட்டுப் பதிவில் ஏற்றியிருந்தால் இதில் தெரிந்துவிடும். மிச்சம் இருப்பது ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதைக் கண்ணால் பார்ப்பதுதான் வேகம்.

இதற்காக ஏழெட்டு உதவி நெடுவரிசைகள் சேர்ந்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் திணிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுத்தம் செய்த ஜிஎஸ்டிஐஎன் ஒரு நெடுவரிசை, சுத்தம் செய்த பில் நம்பர் ஒன்று, சாவி ஒன்று என்று படிப்படியாக இருந்தால் எந்தப் படியில் வழுக்கியது என்று அடுத்தவரும் கண்டுபிடிக்கலாம். வேண்டாதபோது மறைத்துவைத்தால் போயிற்று. அடுத்தவர் எழுதிய நீளமான ஃபார்முலாவைப் பிரித்துப் பார்க்க வேண்டி வந்தால், ஃபார்முலா பாரில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டுங்கள். அந்தத் துண்டுக்கு மட்டும் விடை தெரியும். பார்த்ததும் எஸ்கேப் தட்டிவிடுங்கள். என்டர் தட்டினால் ஃபார்முலா போய் எண் மட்டும் நிற்கும்.

இஃப்எரர் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. முதலாளிக்குப் போகும் ஷீட்டில் #என்/ஏ இருந்தால் அவருக்குப் பிடிக்காது என்று ஒவ்வொரு ஃபார்முலாவையும் இஃப்எரருக்குள் சுற்றி, பிழை வந்தால் 0 என்று போட்டுவிடுவார்கள். ஷீட் பளிச்சென்று இருக்கும். யாராவது ஒரு நெடுவரிசையை நீக்கிவிட்டு ஃபார்முலா முறிந்தாலும் பளிச்சென்றே இருக்கும். தேடிக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் மறைக்க இஃப்என்ஏ இருக்கிறது. மற்ற பிழைகள் தெரியட்டும். மறைக்கும்போதும் 0 போடாமல் “2பி-யில் இல்லை” என்று எழுத்தாகவே போடுகிறேன்.

ஃபார்முலா இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அவசரத்துக்குக் கையால் எண்ணை அடித்துவிட்டுப் போவதும் இப்படித்தான் தெரியாமல் கிடக்கும். அடுத்த மாதம் ஷீட்டைக் காப்பி செய்யும்போது அதே தொகை அதே ஆளுக்கு மறுபடியும் போகும். கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் =நாட்(இஸ்ஃபார்முலா(எஃப்2)) என்று விதி வைத்து மஞ்சள் நிறம் கொடுத்தால் கையால் அடித்த கட்டம் தனியாகத் தெரியும். எக்செல் 2013-இலிருந்து இந்த ஃபங்ஷன் இருக்கிறது.

மொத்தம் போடும் வரம்பு குறைவாக நிற்பது இன்னொன்று. கடைசி ஆளுக்குக் கீழே புதிதாக ஒருவரைச் சேர்த்திருப்பார்கள். சம் மேலேயே நின்றிருக்கும். ஹார்வர்டு பொருளாதார நிபுணர்கள் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010 கட்டுரை அரசுக் கடனுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள உறவைப் பற்றியது. உலகம் முழுக்கச் சிக்கன நடவடிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்டது. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களின் எக்செல் கோப்பை வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டு முன்பே நின்றிருந்தது. கட்டுரையில் வேறு குறைகளையும் அவர் சுட்டினார், ஆனால் ஊர் முழுக்கப் பேசப்பட்டது அந்த வரம்புதான். எஃப்2 தட்டினால் ஃபார்முலா எடுத்துக்கொள்ளும் கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு வரும். கடைசி வரிசை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி. பட்டியலை கன்ட்ரோல்+டி (T) தட்டி டேபிள் ஆக்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை, வரிசை சேரச் சேர வரம்பும் நீளும்.

ஒவ்வொரு ஷீட்டின் தலையிலும் ஒரு சரிபார்ப்புக் கட்டம் வைத்திருக்கிறோம். ஒட்டியது, ஒட்டாதது இரண்டையும் கூட்டி ரெஜிஸ்டர் மொத்தத்திலிருந்து கழித்தால் பூஜ்யம் வர வேண்டும், வராவிட்டால் சிவப்பு. சம்பளத்தில், துறைவாரி மொத்தமும் ஆள்வாரி மொத்தமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டும் வேறு வேறு வழியில் கணக்கிட்டதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒரே நெடுவரிசையை இரண்டு தரம் கூட்டி ஒப்பிட்டால் எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

பேங்கில் சம்பளம் போடக் கோப்பு ஏற்றுகிறவர்களுக்கு ஒன்று. எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எண்ணாக ஏற்றினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அது விழுந்துவிடும். சிஎஸ்வி கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்தாலே இது நடக்கும்; டேட்டா மெனுவிலிருந்து டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாக எடுத்து அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்ல வேண்டும். டெக்ஸ்டாகவே வைத்திருந்தாலும் கவுண்ட்இஃப் போட்டு டூப்ளிகேட் தேடும்போது அது எண்ணாக மாற்றிப் பார்த்து, முதல் 15 இலக்கம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரை ஒரே ஆள் என்று சொல்லிவிடும். =கவுண்ட்இஃப்(ஏ:ஏ,ஏ2&"*") என்று நட்சத்திரம் சேர்த்தால் எழுத்தாகப் பார்க்கும்.

எக்ஸ்லுக்கப் வந்தபிறகு விலுக்கப் எதற்கு என்று தம்பி கேட்கிறான். கேள்வி நியாயம்தான். இடது பக்கம் தேடும், இயல்பாகவே துல்லியப் பொருத்தம் பார்க்கும், நடுவில் நெடுவரிசை சேர்த்தால் எண்ணிக்கை பிசகாது. மைக்ரோசாஃப்ட் 365-இலும் எக்செல் 2021-இலும் இருக்கிறது, லிப்ரெஆபிஸில் 24.8 பதிப்பிலிருந்து வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஆடிட்டர் ஆபீசில் இருப்பது எக்செல் 2016. அங்கே திறந்தால் பழைய விடை தெரியும், ஒரு கட்டத்தைத் தொட்டு என்டர் தட்டினால் #நேம் என்று மாறிவிடும். அதனால் எங்களுக்குள் சுற்றும் ஷீட்டில் எக்ஸ்லுக்கப், ஆடிட்டருக்குப் போவதில் இன்டெக்ஸும் மேட்சும். பேங்குக்குப் போவதில் ஃபார்முலாவே இல்லை. எல்லாவற்றையும் வேல்யூவாக ஒட்டித்தான் அனுப்புகிறோம்.